கேள்வி பதில்: டைப் கிளாஸை எப்படி அடுக்குறது, இன்ஸ்டன்ஸை எங்க வைக்கிறது?

இந்தத் தடவை வந்த கேள்விகள் நிறைய டைப் கிளாஸ் பத்தியே இருந்ததால மத்ததையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே முழுசா எடுத்துக்கிறேன். எழுதினவங்க பெரும்பாலும் ஹாஸ்கெல் ஆளுங்க, அதனால உதாரணமும் அங்கேர்ந்துதான் வரும். புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: டைப் கிளாஸ்ங்கிறது ஒரு டைப்பால என்னென்ன பண்ண முடியணும்னு சொல்ற மெத்தட்களோட பட்டியல், ஒரு குறிப்பிட்ட டைப்புக்கு அந்த மெத்தட்களை எழுதித் தர்றது இன்ஸ்டன்ஸ், ஒரு கிளாஸுக்கு முன்னாடி இருந்தாகணும்னு கேக்கிற இன்னொரு கிளாஸ்தான் சூப்பர்கிளாஸ். ஸ்காலா, ரஸ்ட், லீன் பக்கம் கடைசில கொஞ்சம் போய்ட்டு வரலாம்.

கேள்வி: ஜாவால ரொம்ப நாள் வேலை பார்த்துட்டு ஹாஸ்கெலுக்கு வந்தவன் நான். என் ப்ராஜெக்ட்ல மொதல்ல "பேர் உள்ளது"ன்னு ஒரு கிளாஸ், அதை சூப்பர்கிளாஸா வச்சு "ஐடி உள்ளது", அதுக்கப்புறம் "சேமிக்கலாம்", அதுக்கும் அப்புறம் "அனுப்பலாம்"னு வரிசையா அடுக்கிட்டேன். இப்போ ஒரு சின்ன டைப்பை வெறுமனே நெட்வொர்க்ல அனுப்பணும்னா கூட நாலு இன்ஸ்டன்ஸ் எழுத வேண்டியிருக்கு. எங்க தப்பு பண்ணேன்?

பதில்: சூப்பர்கிளாஸை இன்ஹெரிடன்ஸ்னு நினைச்சுப் போட்டிருக்கீங்க, சிக்கலோட வேர் அங்கதான் இருக்கு. கம்பைலர் உள்ள என்ன பண்ணுதுன்னு ஒரு தடவை பார்த்துட்டா இது தானா தெளிஞ்சிடும். ஒரு கிளாஸ்ங்கிறது அடியில ஒரு ரெக்கார்டு, அதுல ஒவ்வொரு மெத்தடுக்கும் ஒரு ஃபீல்டு இருக்கும், இதை டிக்ஷனரின்னு சொல்வாங்க. ஒரு ஃபங்ஷனோட டைப்ல "ஆர்ட் ஏ"ன்னு (Ord a, ஏங்கிற டைப்பை வரிசைப்படுத்த முடியணும்னு) கன்ஸ்ட்ரெய்ன்ட், அதாவது நிபந்தனை, எழுதினா அந்த ஃபங்ஷனுக்குக் கூடுதலா ஒரு டிக்ஷனரி ஆர்க்யுமென்ட் போகுதுன்னு அர்த்தம். சூப்பர்கிளாஸ்ங்கிறது அந்த ரெக்கார்டுக்குள்ள இன்னொரு டிக்ஷனரிய ஒரு ஃபீல்டா வச்சிருக்கிறது, அவ்வளவுதான். ஆர்ட் டிக்ஷனரிக்குள்ள ஈக்யூ (Eq, ரெண்டும் சமமான்னு பார்க்கிற கிளாஸ்) டிக்ஷனரி உட்கார்ந்திருக்கு, அதனால ஆர்ட் கையில இருந்தா ஈக்யூவைத் தனியா கேக்க வேண்டாம்.

இதுலேர்ந்து ரெண்டு விஷயம் வருது. கன்ஸ்ட்ரெய்ன்ட் போட்டு ஃபங்ஷன் எழுதுறவங்களுக்கு சூப்பர்கிளாஸ் ஒரு வரவு, ஒண்ணு கேட்டா ரெண்டு கிடைக்குது. இன்ஸ்டன்ஸ் எழுதுறவங்களுக்கு அது ஒரு கடன், ஆர்ட் இன்ஸ்டன்ஸ் எழுதினா ஈக்யூ இன்ஸ்டன்ஸ் ஏற்கெனவே இருந்தாகணும், கம்பைலர் அதை உங்களுக்காக உருவாக்கித் தராது. ஜாவால மேல இருக்கிற கிளாஸோட கோடு கீழ இறங்கி வரும், இங்க எதுவும் இறங்கி வராது, கடமை மட்டும்தான் மேல ஏறும். அதனால ஒவ்வொரு சூப்பர்கிளாஸ் அம்பையும் (கோடுல => குறி) வரையறப்போ "இந்தக் கடனை வருங்காலத்துல இன்ஸ்டன்ஸ் எழுதப்போற எல்லார் மேலயும் ஏத்துறதுக்கு என்ன நியாயம்?"னு கேளுங்க. என்னைப் பொறுத்தவரை ஏத்துக்கக்கூடிய நியாயம் ஒண்ணுதான்: ரெண்டு கிளாஸையும் கட்டிப்போடுற ஒரு விதி இருக்கணும். ஆர்ட்ல கம்பேர் பண்ணி சமம்னு வந்தா ஈக்யூவும் சமம்னு சொல்லணும், இது ஒரு விதி. மோனாடோட (ஒரு வேலையோட பதிலைப் பார்த்து அடுத்த வேலையை முடிவு பண்ற கிளாஸ்) பைண்டையும் அப்ளிகேட்டிவோட (தனித்தனி வேலைகளைச் சேர்க்கிற கிளாஸ்) அப்ளையையும் சேர்க்கிற விதி இருக்கு. மொனாய்டுக்கும் (சேர்க்கலாம், காலி எலிமென்டும் உண்டு) செமிகுரூப்புக்கும் (சேர்க்க மட்டும் முடியும்) நடுவுல சேர்க்கிற ஆபரேஷன் ஒண்ணே ஒண்ணுதான். உங்க "பேர் உள்ளது"க்கும் "அனுப்பலாம்"க்கும் நடுவுல அப்படி என்ன விதி இருக்கு? "வழக்கமா ரெண்டும் சேர்ந்துதான் வரும்"ங்கிறது உங்க இன்னிக்கு டேட்டாவோட பழக்கம், அதை கிளாஸ்ல எழுதி வைக்கக்கூடாது. ரெண்டும் தேவைப்படுற ஃபங்ஷன்ல ரெண்டு கன்ஸ்ட்ரெய்ன்டா எழுதுங்க. எழுத நீளமா இருக்குன்னா கன்ஸ்ட்ரெய்ன்ட்கைன்ட்ஸ் எக்ஸ்டென்ஷன் ஆன் பண்ணி, ரெண்டையும் சேர்த்து ஒரு டைப் சினானிமா பேர் வச்சுக்கலாம், யார் மேலயும் கடன் ஏறாது.

இந்தத் தப்பு ஸ்டாண்டர்ட் லைப்ரரிலயே நடந்திருக்கு. எண்களுக்கான Num கிளாஸுக்கு ஈக்யூவும் ஷோவும் (வேல்யூவை ஸ்ட்ரிங்கா மாத்திக் காட்டுற கிளாஸ்) சூப்பர்கிளாஸா இருந்துச்சு, ஹாஸ்கெல் 2010 ரிப்போர்ட்லயே அப்படித்தான் இருக்கு. எண்ணுன்னா ப்ரின்ட் பண்ணலாம், சமமான்னு பார்க்கலாம்னு அப்போ இயல்பா தோணியிருக்கும். ஆனா ஃபங்ஷன்களைக் கூட்டிப் பெருக்கிறதுக்கு Num இன்ஸ்டன்ஸ் எழுதணும்னு நினைச்சவங்க என்ன பண்றது, ரெண்டு ஃபங்ஷன் சமமான்னு எப்படிப் பார்க்கிறது? வேற வழியில்லாம கூப்பிட்டா வெடிக்கிற பொய்யான ஈக்யூ இன்ஸ்டன்ஸ் எழுதினாங்க. கடைசில 2012ல வந்த ஜிஹெச்சி (ஹாஸ்கெலோட முக்கியமான கம்பைலர்) 7.4ல அந்த ரெண்டு சூப்பர்கிளாஸையும் எடுத்துட்டாங்க.

இதுக்கு எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கு, இருக்க வேண்டிய அம்பு இல்லாம போனது. மோனாட் மொதல்ல வந்துடுச்சு, அப்ளிகேட்டிவ் பிற்பாடுதான் தனியா பேர் வாங்குச்சு, மெக்பிரைடும் பேட்டர்சனும் எழுதின கட்டுரை 2008ல வந்துச்சு. எல்லா மோனாடும் அப்ளிகேட்டிவ்தான்னு கணக்கா தெரிஞ்சும் லைப்ரரில அந்த அம்பு இல்லாததால ஒரே வேலைக்கு ரெண்டு ரெண்டு ஃபங்ஷன், எஃப்மேப்புக்கு லிஃப்ட்எம்னு ஒரு ஜோடி, ப்யூருக்கு ரிட்டர்ன்னு ஒரு ஜோடி, இப்படியே வருஷக்கணக்கா ஓடுச்சு. 2015ல ஜிஹெச்சி 7.10ல அம்பைப் போட்டப்போ மோனாட் மட்டும் எழுதி வச்சிருந்த எத்தனையோ பேக்கேஜ் கம்பைல் ஆகாம நின்னுச்சு. 2018ல 8.4 வந்தப்போ செமிகுரூப்பை மொனாய்டுக்கு மேல வச்சாங்க, அப்பவும் அதே கதை. அடுக்கை அப்புறமா மாத்துறது இவ்வளவு வலிக்கும், ஆனா அவசரப்பட்டுப் போட்ட அம்பை எடுக்கிறதும் வலிக்கும், அதை நம்பி எழுதின ஃபங்ஷன்லாம் உடையும். எனக்குக் கேட்டா குறைவான அம்போட ஆரம்பிங்க, உண்மையா வேறுபடுற ரெண்டு மூணு இன்ஸ்டன்ஸ் கையில வந்தப்புறம் அம்பு போடுங்க.

உங்க கோடுல இப்போ செய்ய வேண்டியது: நாலு கிளாஸ்லயும் சூப்பர்கிளாஸ் பகுதிய அழிச்சிட்டு கம்பைல் பண்ணிப் பாருங்க. எர்ரர் வர்ற ஃபங்ஷன்லதான் உண்மையில ரெண்டு கன்ஸ்ட்ரெய்ன்ட் தேவைப்படுது, அங்க மட்டும் சேருங்க.

கேள்வி: ஒரு கிளாஸை எவ்வளவு சின்னதா உடைக்கலாம்? ஹாஸ்கெல் மாதிரியே இருக்கிற ப்யூர்ஸ்கிரிப்ட் மொழில Num கிளாஸைப் போய் செமிரிங், ரிங், யூக்ளிடியன் ரிங்னு உடைச்சிருக்காங்களே, அது சரியா?

பதில்: நடுவுல ஒரு படி இருக்கணும்னா அந்தப் படியில மட்டும் நிக்கிற டைப் இருக்கணும், மேல ஏற முடியாத டைப். காலியா இருக்கவே முடியாத லிஸ்ட் செமிகுரூப்தான், மொனாய்டு ஆகவே முடியாது, ஏன்னா காலி எலிமென்ட் கிடையாது. அந்தப் படி நியாயமானது. அதோட பலன் கையில கிடைச்சதும் உண்டு: மேபி ஏ (ஏ வேல்யூ இருக்கலாம், இல்லைன்னா நத்திங்) மொனாய்டா இருக்க முன்னாடி ஏவும் மொனாய்டா இருக்கணும்னு கேட்டாங்க, இப்போ செமிகுரூப்பா இருந்தா போதும், நத்திங்கே காலி எலிமென்டா நின்னுக்குது. அதே மாதிரி கீ வச்ச மேப்புக்கு ஒரே கீ உள்ளதைச் சேர்த்து அப்ளை பண்ண முடியும், ஆனா ப்யூர் எழுத முடியாது, எல்லா கீயும் உள்ள மேப்பை எங்கேர்ந்து கொண்டு வர்றது? ப்யூர்ஸ்கிரிப்ட்ல அதுக்காகத்தான் அப்ளிகேட்டிவுக்கு மேல அப்ளைன்னு ஒரு கிளாஸ். செமிரிங்கும் அப்படித்தான், இயல் எண்களைக் கூட்டலாம் பெருக்கலாம், கழிச்சா வெளிய போயிடும். அவங்க உடைச்சது சரிதான்னு நினைக்கிறேன். விலை என்னன்னா புதுசா ஒரு எண் டைப் கொண்டு வர்றவங்க நாலஞ்சு இன்ஸ்டன்ஸ் எழுதணும். உங்க அப்ளிகேஷனுக்குள்ள அந்த விலையைக் குடுக்க வேண்டியது ரொம்ப அபூர்வம், பொது லைப்ரரி எழுதுறீங்கன்னா வேற விஷயம்.

கேள்வி: வேற பேக்கேஜ்லேர்ந்து வர்ற டைப்புக்கு வேற பேக்கேஜ்லேர்ந்து வர்ற கிளாஸோட இன்ஸ்டன்ஸ் எழுதினா ஆர்ஃபன்னு வார்னிங் வருது. வேலை என்னமோ நல்லா நடக்குது, வார்னிங்கை ஆஃப் பண்ணிடலாமா?

பதில்: அந்த வார்னிங் எதைக் காப்பாத்துதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. ஒரு டைப்புக்கும் ஒரு கிளாஸுக்கும் ப்ரோக்ராம் முழுக்க ஒரே ஒரு இன்ஸ்டன்ஸ்தான் இருக்கணும்ங்கிறது ஹாஸ்கெலோட அடிப்படை எதிர்பார்ப்பு, மத்த எல்லாமே இது மேலதான் நிக்குது. செட்டை எடுத்துக்கோங்க. அது உள்ள ஒரு மரம், எலிமென்ட்களை ஆர்ட் சொல்ற வரிசைல வச்சிருக்கு, ஆனா ஆர்ட் டிக்ஷனரிய தனக்குள்ள சேமிக்கிறது கிடையாது, ஒவ்வொரு தடவையும் கூப்பிடுறவங்ககிட்டேர்ந்து வாங்கிக்குது. இப்போ ஒரு மாட்யூல்ல ஏறுவரிசை ஆர்ட் இன்ஸ்டன்ஸை ஆர்ஃபனா எழுதி செட்டை நிரப்புறீங்க, இன்னொரு மாட்யூல்ல வேற யாரோ அதே டைப்புக்கு இறங்குவரிசை எழுதி வச்சிருக்காங்க, செட் அங்க போகுது, அவங்க ஒரு எலிமென்ட் இருக்கான்னு தேடுறாங்க. தேடல் மரத்துல தப்பான பக்கம் இறங்கும், இருக்கிற எலிமென்டை இல்லைன்னு சொல்லும். எர்ரரும் இல்ல, க்ராஷும் இல்ல, பதில் மட்டும் தப்பு. ரெண்டு மாட்யூலையும் மூணாவது ஒரு மாட்யூல் இம்போர்ட் பண்ணினாலும் ஜிஹெச்சி சண்டை போடாது, அந்த இடத்துல அந்த இன்ஸ்டன்ஸ் தேவைப்பட்டாதான் கண்டுபிடிக்கும். இப்படி ஒரு பக் எங்கேர்ந்து வருதுன்னு தேடிப் பாருங்க, ராத்திரித் தூக்கம் போயிடும்.

இன்ஸ்டன்ஸுக்கு ரெண்டே வீடுதான்: கிளாஸ் பிறந்த மாட்யூல், இல்லைன்னா டைப் பிறந்த மாட்யூல். இந்த ரெண்டுல ஒண்ணுல மட்டும் எழுதினா ரெண்டு பேர் தனித்தனியா ஒரே இன்ஸ்டன்ஸை எழுத வாய்ப்பே இல்ல. அதனால நீங்க லைப்ரரி எழுதுறீங்கன்னா பொதுவான கிளாஸ்களுக்கு, அதாவது ஈக்யூ, ஆர்ட், ஷோ, செமிகுரூப் இதுக்கெல்லாம், டைப்பை எழுதுற அதே மாட்யூல்ல இன்ஸ்டன்ஸையும் குடுத்துடுங்க. நீங்க விட்டுட்டா உங்க டைப்பை யூஸ் பண்றவங்க எல்லாரையும் ஆர்ஃபன் எழுதத் தள்ளுறீங்க. வேற ஒருத்தர் டைப், வேற ஒருத்தர் கிளாஸ்னா நியூடைப்ல, அதாவது அதே டேட்டாவுக்கு வேற பேர் உள்ள ஒரு புது டைப்ல, சுத்தி இன்ஸ்டன்ஸ் எழுதுங்க, ரன்டைம்ல நியூடைப்புக்கு செலவு கிடையாது, கோயர்ஸ் (coerce) ஃபங்ஷன் வச்சு லிஸ்ட் முழுக்க ஒரே அடியா மாத்திக்கலாம்.

எங்க விதிவிலக்கு தரலாம்? கடைசியா எக்ஸிக்யூட்டபிளா போற அப்ளிகேஷன்ல, யாரும் இம்போர்ட் பண்ணப் போறதில்லன்னா, எல்லா ஆர்ஃபனையும் ஒரே மாட்யூல்ல வச்சு அங்க மட்டும் வார்னிங்கை ஆஃப் பண்றது பரவாயில்ல. டெஸ்ட்டுக்கு வேணும்ங்கிற ஆர்பிட்ரரி இன்ஸ்டன்ஸ்களும் அப்படித்தான், குவிக்செக்கை (ரேண்டம் வேல்யூ போட்டு டெஸ்ட் பண்ற லைப்ரரி, ஆர்பிட்ரரி அதோட கிளாஸ்) மெயின் லைப்ரரியோட டிபென்டன்சில இழுக்க மனசு வராது, அதுக்காகவே பொது டைப்களுக்கான இன்ஸ்டன்ஸ்களைச் சேர்த்து குவிக்செக்-இன்ஸ்டன்சஸ்னு ஒரு பேக்கேஜே இருக்கு, எல்லாரும் அதையே எடுத்தா மோதல் வராது. பொதுவா வெளியிடுற லைப்ரரில மட்டும் வார்னிங்கை எர்ரராவே மாத்தி வச்சுக்கோங்க. ரஸ்டும் ப்யூர்ஸ்கிரிப்டும் ஆர்ஃபனை நேரா கம்பைல் எர்ரராவே ஆக்கிட்டாங்க, எரிச்சலா இருந்தாலும் அது நல்ல முடிவு.

கேள்வி: இன்ட்டுக்கு ஏன் மொனாய்டு இன்ஸ்டன்ஸ் இல்ல?

பதில்: கூட்டலும் மொனாய்டு, பெருக்கலும் மொனாய்டு, எதை எடுக்கிறது? ஒரே இன்ஸ்டன்ஸ்தான்ங்கிற விதிக்கு முன்னாடி ரெண்டு சம உரிமைக்காரங்க நின்னா ரெண்டு பேருக்கும் தனி நியூடைப், சம், ப்ராடக்ட். பூலுக்கு ஆல், எனி. வரிசையைத் திருப்ப டவுன். நீங்க டைப் எழுதறப்போ ரெண்டு இன்ஸ்டன்ஸ் சமமா நியாயமா தெரிஞ்சா எதையும் குடுக்காம நியூடைப்பா குடுங்க. மேப்போட மொனாய்டைப் பாருங்க, ஒரே கீ ரெண்டுலயும் இருந்தா இடது பக்கத்து வேல்யூவை வச்சுக்கிட்டு வலது பக்கத்தைத் தூக்கிப் போட்டுடும். ரெண்டு வேல்யூவையும் சேர்க்கும்னு எதிர்பார்த்து ஏமாந்தவங்க எத்தனையோ பேர், இப்போ மாத்தினா ஏற்கெனவே ஓடுற கோடு சத்தமில்லாம வேற பதில் தரும், அதனால அப்படியே கிடக்கு.

கேள்வி: "ஷோ இருக்கிற எந்த டைப்புக்கும் என் ப்ரிட்டி கிளாஸோட இன்ஸ்டன்ஸ்"னு ஒண்ணு எழுதினேன், இன்ட்டுக்கு மட்டும் தனியா ஒண்ணு எழுதினேன். ஓவர்லாப்னு கத்துது. ஷோ இல்லாத டைப்புக்கு எழுதினாலும் கத்துது, இது ஏன்?

பதில்: இன்ஸ்டன்ஸைத் தேடறப்போ ஜிஹெச்சி அம்புக்கு வலது பக்கம் இருக்கிற தலையை மட்டும்தான் பார்க்கும். இடது பக்கத்து நிபந்தனை இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கணக்குக்கு வரும், அது பொருந்தலைன்னா திரும்பி வந்து வேற ஒண்ணைத் தேடாது. நீங்க எழுதினதோட தலை வெறும் "ப்ரிட்டி ஏ", அது உலகத்துல இருக்கிற எல்லா டைப்புக்கும் பொருந்தும். "ஷோ இருந்தா"ன்னு எழுதினது அவங்களைப் பிரிச்சு எடுக்கலை, ஷோ இல்லாத டைப் வந்தா எர்ரர் குடுக்க மட்டும்தான் உதவுது. அந்த ஒரு இன்ஸ்டன்ஸ் கிளாஸையே முழுசா முழுங்கிடுச்சு.

ஓவர்லாப்பபிள்னு ப்ராக்மா (கம்பைலருக்கான குறிப்பு) போட்டா கம்பைல் ஆகும், ஆனா நான் சொல்ல மாட்டேன். டைப் தெரியாத பொதுவான ஃபங்ஷனுக்குள்ள போனா ஜிஹெச்சி எதையும் முடிவு பண்ண முடியாம நிக்கும், நீங்க கன்ஸ்ட்ரெய்ன்ட் எழுதணும். அதைத் தாண்ட இன்கோஹிரண்ட்னு போட்டீங்கன்னா இன்ட்டுக்கு ஒரு இடத்துல ஒண்ணும் இன்னொரு இடத்துல வேற ஒண்ணும் வரும், செட் கதைல பார்த்த அதே குழிக்கே வந்துட்டீங்க. நல்ல வழி டிரைவிங் வியா, ஜிஹெச்சி 8.6லேர்ந்து இருக்கு. "ஷோவைப் பயன்படுத்தி ப்ரிட்டி"ன்னு ஒரு நியூடைப் பண்ணி அதுக்கு மட்டும் அந்த இன்ஸ்டன்ஸை எழுதுங்க, தேவைப்படுற டைப் ஒவ்வொண்ணுலயும் அந்த நியூடைப் வழியா டிரைவ் பண்ணுன்னு ஒரு வரி. டைப்புக்கு ஒரு வரி எழுதறது வேலைதான், ஆனா எந்த டைப் எப்படி ப்ரின்ட் ஆகும்னு அந்த டைப் பக்கத்துலயே தெரியும்.

ஸ்ட்ரிங்கை மட்டும் தனியா நடத்தணும்னா இன்னும் அழகான ஒரு உத்தி ஷோக்குள்ளயே இருக்கு. ஸ்ட்ரிங்ங்கிறது கேரக்டர் லிஸ்ட், ஆனா மத்த லிஸ்ட் மாதிரி கமா போட்டு வராம மேற்கோள் குறியோட வருது, ஓவர்லாப் எதுவும் இல்லாம. எப்படின்னா ஷோ கிளாஸ்ல ஷோலிஸ்ட்னு ஒரு மெத்தட் வச்சு "உன் லிஸ்டை எப்படிக் காட்டணும்"னு எலிமென்ட் டைப்கிட்டயே கேக்குறாங்க, கேரக்டர் மட்டும் அதை மாத்தி எழுதியிருக்கு. உங்க ப்ரிட்டிலயும் இதைப் பண்ணலாம்.

கேள்வி: ஒரு ஃபங்ஷனை கிளாஸுக்குள்ள மெத்தடா வைக்கிறதா, வெளிய சாதாரண ஃபங்ஷனா எழுதறதா?

பதில்: மத்த மெத்தட்களை வச்சு எழுத முடியும்னா வெளிய. ஏதாவது ஒரு டைப் அதையே ரொம்ப வேகமா பண்ண முடியும்னா மட்டும் டீஃபால்ட்டோட உள்ள. ஃபோல்டபிள்ல (உள்ள இருக்கிற எலிமென்ட்களை ஒவ்வொண்ணா எடுக்க முடியற டைப்களோட கிளாஸ்) லெங்த் உள்ள இருக்கிறது அதனாலதான், சைஸைக் கையிலேயே வச்சிருக்கிற செட் எல்லாத்தையும் எண்ணத் தேவையில்ல. டீஃபால்ட் ஒண்ணை வச்சு ஒண்ணு எழுதினீங்கன்னா எதைக் கட்டாயம் எழுதணும்னு சொல்ற மினிமல் ப்ராக்மாவை மறக்காதீங்க, ஈக்யூல சமத்தை வச்சு அசமம், அசமத்தை வச்சு சமம், ரெண்டுமே எழுதாம விட்டா முடிவில்லாம சுத்தும், மினிமல் இருந்தா கம்பைலர் முன்கூட்டியே வார்னிங் குடுக்கும். இதே சுழல் மோனாட்லயும் வரும், ரிட்டர்னை ப்யூர்னும் ப்யூரை ரிட்டர்ன்னும் எழுதி வச்சீங்கன்னா ப்ரோக்ராம் அப்படியே தொங்கும். ரிட்டர்னை எழுதவே எழுதாதீங்க.

கேள்வி: ஸ்காலால கேட்ஸ் லைப்ரரி யூஸ் பண்றேன். ஒரே ஃபங்ஷன்ல ஸ்டேட்டும் எர்ரரும் கேட்டா எந்த மோனாடுன்னு குழப்பமா இருக்குன்னு கம்பைலர் சொல்லுச்சு. ஹாஸ்கெல்ல இது வரலையே?

பதில்: ரெண்டு கிளாஸும் மோனாடைச் சுமக்குது, ஸ்டேட் வழியா ஒரு மோனாட், எர்ரர் வழியா ஒரு மோனாட். ஹாஸ்கெல்ல இன்ஸ்டன்ஸ் ஒண்ணுதான்னு உறுதி இருக்கிறதால எந்த வழில போனாலும் ஒரே பதில்னு கம்பைலர் கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடுத்துக்கும். ஸ்காலால இம்ப்ளிசிட்ங்கிறது (கம்பைலர் தானா தேடிக் குடுக்கிற ஆர்க்யுமென்ட்) சாதாரண வேல்யூ, ரெண்டு இருந்தா ரெண்டும் வேறயா இருக்கலாம், அதனால எடுக்க மறுக்குது. கேட்ஸ்-எம்டிஎல் லைப்ரரி இதுக்காகத்தான் மோனாடை இன்ஹெரிட் பண்ணாம உள்ள ஒரு மெம்பரா வச்சிருக்கு, அதனால மோனாட் வேணும்னா நீங்க தனி கன்ஸ்ட்ரெய்ன்டா கேட்டுக்கணும். உங்க சொந்த கிளாஸ்களையும் அதே மாதிரி எழுதுங்க.

கணித நிரூபணம் எழுதுற மொழியான லீன்ல இது இன்னும் கடினமான உருவத்துல வரும். அதோட கணித லைப்ரரியான மேத்லிப்ல ஒரு ரிங்கை எண்ணால பெருக்க ரெண்டு வழி இருக்கு, திரும்பத் திரும்பக் கூட்டுறது ஒண்ணு, இயல் எண் மேல மாட்யூலா (கணிதத்துல வர்ற மாட்யூல், கோடு மாட்யூல் இல்ல) பார்க்கிறது இன்னொண்ணு. கணக்குல ரெண்டும் சமம்னு நிரூபிச்சா மட்டும் போதாது, ரெண்டு பாதையும் ஒரே டெஃபினிஷன்ல போய் முட்டணும். அதனால கூட்டல் மொனாய்டுக்குள்ளயே இயல் எண்ணால பெருக்கிறதை ஒரு ஃபீல்டா வச்சுட்டாங்க. பார்க்க அது அங்க தேவையில்லாத மாதிரி இருக்கும், டீஃபால்டும் இருக்கு, ஆனா அது இல்லைன்னா மேல போகப் போக ப்ரூஃபெல்லாம் மாட்டிக்கும்.

கேள்வி: விதி விதின்னு சொல்றீங்க, கம்பைலர் அதைப் பார்க்கிறதே இல்லையே. என் இன்ஸ்டன்ஸ் விதிப்படி இருக்குன்னு எப்படி நம்புறது?

பதில்: ஹாஸ்கெல் பார்க்காதுதான், டெஸ்ட் எழுதித்தான் பார்க்கணும். குவிக்செக்-கிளாசஸ்னு பேக்கேஜ் இருக்கு, உங்க டைப்பைக் குடுத்தா செமிகுரூப், மொனாய்டு, ஃபங்க்டர், மோனாட் விதிகளை ரேண்டம் வேல்யூ போட்டு சோதிச்சுடும். இடவலம் மாத்தாம எந்த ரெண்டை மொதல்ல சேர்த்தாலும் பதில் மாறக்கூடாதுங்கிற விதிதான் நிறைய பேருக்கு உடையும். டபுளை எடுத்துக்கிட்டா 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி அப்புறம் 0.3ஐக் கூட்டினா 0.6000000000000001 வரும், 0.2ஐயும் 0.3ஐயும் மொதல்ல கூட்டி 0.1ஓட சேர்த்தா 0.6தான். அந்த சம் நியூடைப்பை டபுள் மேல வச்சுக்கிட்டு வேலையைப் பல கோர்ல பிரிச்சுக் கூட்டினா ரன்னுக்கு ரன் கடைசி இலக்கம் ஆடலாம். சராசரிக்கு இது பரவாயில்ல, பணக்கணக்குக்கு ஆகாது, அங்க முழு எண்ணா வச்சுக்கோங்க. NaN (எண்ணே இல்லைங்கிறதைக் குறிக்கிற டபுள் வேல்யூ) தனக்குத் தானே சமம் இல்ல, அதனால டபுளை கீயா வச்ச மேப்ல NaN ஒரு தடவை உள்ள போயிடுச்சுன்னா அதைத் தேடினா கிடைக்காது. டபுள் கீ தவிர்க்க முடியலைன்னா உள்ள விடுறதுக்கு முன்னாடியே NaNஐப் பிடிச்சு நிறுத்துற ஒரு நியூடைப் பண்ணி, அதோட கன்ஸ்ட்ரக்டரை எக்ஸ்போர்ட் பண்ணாம, ஆர்ட் இன்ஸ்டன்ஸை அதே மாட்யூல்ல எழுதிடுங்க.